தபால்காரர் கொண்டுவந்த நாய் முடி

கண்ணைக் கட்டிவிட்டாலும் என் அண்ணி விரலால் தொட்டே சொல்லிவிடுவாள்: இது செம்மறி, இது வெள்ளாட்டு உள்முடி, இது முயல். முயல் முடியை நூற்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மூச்சை இழுத்தால் பாதி மூக்குக்குள் போய்விடும். முன்னறையில் அவள் ராட்டை சுற்றுவாள். அலசுவதும் காயவைப்பதும் சிக்கெடுப்பதும் என் வேலை.

ஒருநாள் தபால்காரர் ஒரு தலையணை உறை நிறைய நாய் முடி கொண்டுவந்தார். செத்துப்போன தன் பெண் நாயை, அது உயிரோடு இருந்த பன்னிரண்டு வருடமும் சீவிச் சீவிச் சேர்த்தது.

"ஒரு மப்ளருக்கு நூல் வருமாம்மா? அவ ஞாபகமா எங்கிட்ட வேற எதுவும் இல்ல."

"வரும்ணா. இது வழுக்கும், கொஞ்சம் செம்மறி கலந்து நூத்துடறேன்" என்றாள் அண்ணி.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, கசக்காமல் தூக்க வேண்டும். நூறு தடவை சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! நாற்றம் போகட்டும் என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றி, துணி துவைப்பதுபோல் கும்மினேன். முடியெல்லாம் ஒன்றோடொன்று பின்னி, மிதியடி மாதிரி அட்டையாகிவிட்டது. பிரித்தால் கிழிந்தது. குப்பை வண்டியில் போட்டுவிட்டு, அதே பழுப்பு நிறத்தில் இருந்த செம்மறி முடியைக் கூடையில் வைத்தேன். சீ, என்ன பிறவி நான்!

அண்ணி ஒரு பிடி இழுத்ததுமே ராட்டையை நிறுத்தினாள்.

"இது நாய் முடி இல்லையே. அது எங்க?"

"அலசும்போது... கட்டிதட்டிப் போச்சு அண்ணி. தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் அந்தப் பிடியைக் கூடையிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

தபால்காரர் வந்தபோது அவளே வாசலுக்குப் போனாள்.

"மன்னிச்சிடுங்கண்ணா. அலசும்போது என் கையால கெட்டுப்போச்சு. ஒரு இழைகூட மிஞ்சல."

அவர் கத்தவில்லை. "உங்க கைய நம்பித்தானேம்மா கொண்டுவந்தேன்" என்றார். அண்ணி தலைகுனிந்து நின்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வெட்கங்கெட்டவள் நான், சொல்லவில்லை.

படியிறங்கியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களாவது பக்கத்துல இருந்து பாத்திருக்கக் கூடாதாம்மா?"

"ஆமாங்க" என்றேன். "நான் பாத்திருக்கணும்."