ஹாரன் அறுபதில் நிற்கவில்லை

நான் தொழில்முறைச் சந்தேகப்பிராணி. வீரகேரளம்புதூரில் நிலப் பத்திரங்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா வேலை. கையெழுத்தில் ஒரு சுழி கூடினாலும் எனக்கு உறுத்தும். அந்தக் குணத்தை ஆபீஸ் மேஜையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

தென்காசியில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு மாடல் ரயில் ஓடுகிறது. இரண்டு கட்டில் அகலமுள்ள பலகையில் செங்கோட்டை மலைப்பாதை: ஒரு குகை, ஒரு பாலம், ஒரு ஸ்டேஷன், ஓரத்தில் எஞ்சின் ஷெட். ஓடுபவை ஒரு சாண் நீளமுள்ள இரண்டு மீட்டர்கேஜ் டீசல் எஞ்சின்கள். ஒன்று என்னுடையது, இன்னொன்று பாயுடையது. அவர் அடுத்த தெருக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வளைகுடாவில் ஜெனரேட்டர் அறையில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, இரண்டு எஞ்சின்களுக்கும் ஒரே ரக டிகோடர் வாங்கி வந்தார். நகத்தளவு சர்க்யூட்டும் குட்டி ஸ்பீக்கரும்தான். ஆனால் அதைப் பொருத்திய அன்று எஞ்சின் உறுமியதைக் கேட்டு நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

டிகோடரின் ஒவ்வொரு சத்தத்தையும் கண்ட்ரோலரில் எண்களை அழுத்திக் கூட்டிக் குறைக்கலாம். ஹாரனுக்குப் பூஜ்யத்திலிருந்து இருநூற்றைம்பத்தைந்து வரை உண்டு. என் எஞ்சினுக்கு அறுபது வைத்தேன். மலைக்கு அந்தப் பக்கம் வண்டி வருவது போல மெலிதாகக் கேட்கும். சின்ன வண்டிக்குச் சின்னச் சத்தம் என்பது என் கட்சி. ஓட்டும்போதும் ஹாரன் அடிக்கும்போதும் ஒவ்வொரு எஞ்சினும் தனித்தனியே சொல் கேட்கும்; எண்ணை மாற்றும்போது மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கரண்ட் உள்ள தண்டவாளத்தில் எத்தனை எஞ்சின் நிற்கிறதோ அத்தனையும் அந்த எண்ணை வாங்கிக்கொள்ளும். அதனால் மற்ற எஞ்சினை ஷெட்டுக்குள் தள்ளி, ஷெட் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மாற்றுவோம். இருவருக்கும் அது பழக்கம். இன்னொரு பழக்கமும் எங்களுக்குள் இருந்தது. ஒருவர் எஞ்சினை மற்றவர் ஓட்டுவதில்லை.

வெளிப்படிக்கட்டு வழியாக மாடிக்கு வர பாயிடம் ஒரு சாவி கொடுத்திருந்தேன். நான் வேலைக்குப் போன பிறகு புதன்கிழமை பகலில் வந்து ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஓட்டுவோம்.

ஆனி மாதம் தொடங்கியது தொல்லை. ஒரு புதன் சாயங்காலம் என் எஞ்சினின் ஹாரனை அழுத்தினேன். கீழே அடுக்களையில் இருந்த என் மனைவி என்னவோ ஏதோவென்று மேலே ஓடி வந்தாள். எண்ணைப் பார்த்தேன். இருநூறு. அறுபதுக்கு இறக்கினேன். அடுத்த புதன் இருநூற்றுப்பத்து. மறுபடி இறக்கினேன். அதற்கடுத்த புதன் இருநூற்றிருபது.

எண் தானாக ஏறுமா? அறையில் நுழைகிறவர்கள் இரண்டே பேர். பத்திரம் பார்க்கிற புத்தி உடனே வேலை செய்ய ஆரம்பித்தது. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் தேதியும் எண்ணும் குறித்தேன். கண்ட்ரோலர் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். புதன் சாயங்காலம் அது கோட்டை விட்டு அரை விரல் நகர்ந்திருந்தது. அவர் அதை எடுத்துத்தானே ஓட்டுவார் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்தது போல ஒரு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஓரக்கண்ணால் கவனித்தேன். அவருடைய எஞ்சினின் ஹாரன் மெலிதாக, அடக்கமாக ஒலித்தது. அப்படியானால் தன் வண்டியைக் குறைத்து வைத்துக்கொண்டு என் வண்டியைத்தான் கத்த விடுகிறார். அவர் குனிந்து எஞ்சினருகே வலது காதை வைத்து, ஹாரனை மூன்று நான்கு தடவை அழுத்துவார். பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். என்னைக் கேலி செய்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். என் முன்னால் மட்டும் செட்டிங்கில் கை வைக்கவே மாட்டார். அதுவும் என் கணக்கில் குற்றமாகச் சேர்ந்தது.

சாரல் நன்றாக விழுந்த ஒரு நாள், ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாமா என்று ஆழம் பார்த்தேன். வருஷா வருஷம் முதல் ஆளாகத் துண்டை எடுப்பவர், இந்த வருஷம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நெஞ்சில் கள்ளம் இருப்பவர் அருவியில் எப்படி நிம்மதியாக நிற்பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹாரனை அறுபதில் வைத்துவிட்டு, மாடிப் பூட்டையே மாற்றினேன். மறுநாள் பகலில் பாய் போன் பண்ணினார், சாவி திரும்பவில்லை என்று. சாரலில் பழைய பூட்டு துருப்பிடித்துவிட்டது, புதுச் சாவியைப் பிறகு தருகிறேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். சாயங்காலம் எண்ணைப் பார்த்தேன். அறுபது. அசையவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும் கேட்டுவிடுவது என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் வந்தார். தன் எஞ்சினின் ஹாரனை அழுத்தினார். குனிந்தார். இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு கண்ட்ரோலரை என் பக்கம் தள்ளினார்.

"இனிமே இத நீயே ஓட்டு தம்பி. எனக்குக் கேக்க மாட்டேக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். ஜெனரேட்டர் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமானது அவருக்குத் தெரிந்ததுதான். அதனால் ஆனியில் தன் எஞ்சினின் ஹாரனை இருநூறுக்கு ஏற்றியவர், பிறகு வாராவாரம் இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பாராம். புதன்கிழமை கணீரென்று கேட்டது ஞாயிற்றுக்கிழமை கேட்காதாம். திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மெஷின் வைத்துக்கொள்வதைப் பற்றியும் பேசியிருக்கிறார் டாக்டர். மகள் போனில் பேசும்போது பதில் சொல்லவே பயமாக இருக்கிறது என்றார்.

"வாராவாரம் குறைஞ்சுக்கிட்டே போகுது. இந்த வேகத்துல போனா வருசம் முடியறதுக்குள்ள ஒண்ணுமே கேக்காதுன்னு நெனைக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை எண் எவ்வளவு இருந்தது என்று பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"நாந்தான வச்சேன். பெறவு எதுக்குப் பாக்கணும்?"

முதல்முறையாக அவருடைய எஞ்சினின் எண்ணை எடுத்துப் பார்த்தேன். அறுபது. என்னுடைய அறுபது.

ஷெட்டைப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது. உள்ளே குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சித்திரையில் நான் போட்ட விளக்கு. ஷெட் எப்போதும் இருட்டாக இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டு, சுவிட்சுக்கு முன்னாலிருந்தே கரண்ட் எடுத்து, ஷெட் தண்டவாளத்தோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தேன். அன்றிலிருந்து ஷெட் தண்டவாளத்தில் கரண்ட் நிற்கவே இல்லை. என் எஞ்சினை நான் இறக்கிய போதெல்லாம் அவருடையதும் இறங்கியது. அவர் தன்னுடையதை ஏற்றிய போதெல்லாம் என்னுடையதும் ஏறியது. எத்தனை மாதமாகக் கண் முன்னால் எரிந்த விளக்கு! நான் பாயை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கின் வயரை வெட்டிவிட்டு, அவர் எஞ்சினுக்கு இருநூறு வைத்து ஹாரனை அழுத்தினேன். அறை அதிர்ந்தது. பாய் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப காது போகலியா தம்பி?"

கொஞ்சம் மந்தம்தான், வாராவாரம் எல்லாம் குறையவில்லை என்றேன். விளக்கையும் வயரையும் காட்டி விளக்கினேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், முடிந்ததும் என் எஞ்சினைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப புதன்கிழமையெல்லாம் ஒன் வண்டியும் கத்தியிருக்குமே. நீ ஒண்ணும் சொல்லலியே."

அவர் பார்வை கதவில் தொங்கிய புதுப் பூட்டுக்குப் போய்த் திரும்பியது. தன் சாவிக்கொத்திலிருந்து பழைய சாவியைக் கழற்றி, ஸ்டேஷன் பக்கத்தில் பலகைமேல் வைத்தார்.

"புதுசக் குடு" என்று கையை நீட்டினார்.