பேனாவா, ஊசியா

எலும்பு முறிவு வார்டில் அவளை எல்லோரும் ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். காது மந்தமான அண்ணனோடு வளர்ந்தவள். வீட்டில் உப்பு கேட்பதற்கே ஊர்வலத்தில் கோஷம் போடுகிற குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரல் அப்படியே தங்கிவிட்டது. பத்தொன்பது வருடமாக உதவியாளர் வேலை. விரிப்பு மாற்றுவது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது. பெரிய டாக்டருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். ரவுண்ட்ஸ் வரும்போது, "அந்த ஸ்பீக்கரை யாராவது அணைங்கப்பா" என்பார். கூட வருகிறவர்கள் சிரிக்க வேண்டும், சிரிப்பார்கள்.

அந்த வார்டில் ஒரு விதி. ஆள் உள்ளே வந்ததும் கண்ணாடி, காது மெஷின், பல் செட் எல்லாவற்றையும் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே 'பாதுகாப்பு' என்று எழுதி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். என்றைக்கோ யாருடைய பல் செட்டோ காணாமல் போய், அவருடைய மருமகன் வந்து ஆடிய ஆட்டத்தில் பிறந்த விதி. அதன் பிறகு ஒரு பல்கூடத் தொலையவில்லை. மனிதர்கள்தான் தொலைந்தார்கள்.

எப்படி என்றால், ஆபரேஷன் முடிந்த மறுநாள் பெரிய டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்பார். கோட்டுப் பையிலிருந்து பேனாவை உருவிக் காட்டி, "இது என்ன?" என்பார். கண்ணாடி இல்லாத கண். ஆஸ்பத்திரி. வெள்ளைக் கோட்டுக்காரர் கையில் மெலிசாக, நீளமாக ஏதோ ஒன்று. "ஊசி" என்பார் நோயாளி. உடனே கேஸ் ஷீட்டில் ஒரு வார்த்தை ஏறும்: குழப்பம். இரண்டு நாள் தொடர்ந்து ஏறினால் சி பிளாக். அங்கே கட்டில் கம்பியில் கையைத் துணியால் கட்டி, மயக்க மாத்திரை கொடுத்துப் போட்டு வைப்பார்கள். அங்கிருந்து நடந்து வெளியே வந்தவர்களை ஸ்பீக்கர் எண்ணியிருக்கிறாள். ஒரு கை விரல்களே அதிகம்.

அவளுடைய அண்ணனும் குளியலறையில் வழுக்கி விழுந்து இதே வார்டுக்குத்தான் வந்தான். தங்கை வேலை பார்க்கிற இடம், வேறென்ன வேண்டும்? அவன் காது மெஷினை அவளே கழற்றினாள், அவளே பையில் போட்டாள், அவளே எழுதினாள்: பாதுகாப்பு. டாக்டர் என்ன கேட்டாலும் அண்ணன் மரியாதையாகச் சிரித்தான். குழப்பம். பிறகு சி பிளாக். ஒன்பதாம் நாள் அந்தப் பையை மட்டும் அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். பேட்டரி புதுசு.

அன்றைக்கு அவள் அழவில்லை. பழைய டைரி ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். கட்டில் எண், பீரோவில் என்ன இருக்கிறது, பேனாவுக்கு என்ன பதில். நான்கு மாதம் எழுதினாள். குழப்பம் என்று எழுதப்பட்டவர்கள் ஐம்பத்தெட்டு பேர். அதில் நாற்பத்தொன்பது பேருடைய பை பீரோவில் இருந்தது. உலகத்தில் பெரிய பெரிய கட்டடம் கட்டி ஆராய்ச்சி செய்கிறார்கள். இவள் துணி மடிக்கும் மேஜையில் செய்தாள்.

அப்போதுதான் பதினோராம் கட்டிலுக்குக் கடிகார ரிப்பேர்காரர் வந்தார். ஐம்பது வருடம் மணல் அளவு திருகாணியைத் திருகிய மனிதர். முதல் நாள் பேனாவைப் பார்த்து "ஊசி" என்றார். இன்னொரு ஊசி வந்தால் சி பிளாக்.

மறுநாள் காலை ஸ்பீக்கர் தலைமை நர்ஸிடம் போய் நின்றாள்.

"சிஸ்டர், பதினொண்ணோட கண்ணாடியை மட்டும் குடுங்க. ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் திருப்பி வச்சிடறேன்."

"தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"ஆளு தொலைஞ்சா யாரு பதில் சொல்றாங்க சிஸ்டர்?"

"மெதுவா பேசுக்கா, வார்டே பாக்குது."

"பாக்கட்டும். கண்ணாடி இருந்தாத்தானே பாக்க முடியும்?"

பேசிக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்தாள். ஒளிக்கவில்லை. பீரோவைத் திறந்து, பையைக் கிழித்து, கண்ணாடியைத் தன் கோட்டு நுனியில் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டாள்.

"அட, தங்கச்சி! நீயா அந்தக் குரலு?" என்றார் அவர். "குரலை வச்சு ஆறடி ஆளுன்னு நினைச்சேன்."

பெரிய டாக்டர் வந்தார். பேனாவை நீட்டினார். "இது என்ன?"

கடிகாரக்காரர் முன்னால் சாய்ந்து பார்த்தார். "பேனாங்க. மருந்துக் கம்பெனி பேரு போட்டிருக்கு. மூடி இதோடது இல்ல, வேற ஏதோ பேனாவோடது." பிறகு பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போய், டாக்டரின் மணிக்கட்டுக்கு வந்தது. "ஐயா தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வாட்ச் பதினோரு நிமிஷம் பின்னாடி ஓடுது."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இந்த முறை கேட்காமலே.

"இவருக்குக் கண்ணாடி குடுத்தது யாரு?"

ஸ்பீக்கர் டைரியை நீட்டினாள். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "இது என்ன, மாற்று மருத்துவமா? ஆராய்ச்சி பண்ண கமிட்டியில அனுமதி வாங்கினியா?"

"கண்ணாடியைக் கழட்ட எந்தக் கமிட்டியில சார் அனுமதி வாங்கினீங்க?" அவளுடைய முழுக் குரலும் அப்போது வந்தது. பக்கத்து வார்டில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. "எங்க அண்ணனுக்குக் குழப்பம் இல்ல சார். காது கேக்கல. அதை நீங்க ஒருத்தரும் கேக்கல!"

கடிகாரக்காரர் சி பிளாக்குக்குப் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் வாக்கரைப் பிடித்து நடந்து வீட்டுக்குப் போனார். ஸ்பீக்கருக்கு மெமோ வந்தது. 'உரிய அனுமதியின்றி நோயாளிக்குப் பார்வை ஏற்படுத்தியது' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். கடவுளுக்கே அனுப்பியிருக்க வேண்டிய மெமோ. அவளைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். நர்ஸ் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஒரு வார்டிலிருந்து துரத்தியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. சலவைத் துணி ஆறு வார்டுக்கும் போகும். கிழிந்த துணி தைக்க அங்கே ஒரு தையல் மெஷினும் உண்டு. அவள் தலையணை உறைகளை எடுத்து, ஒவ்வொன்றின் உள்பக்கமும் ஒரு சின்னப் பை வைத்துத் தைத்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், புதிதாக வந்தவர்களிடம் குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ரகசியக் குரலில் சொன்னாள்: "கண்ணாடி இருக்கான்னு கேட்டா இல்லைன்னு சொல்லுங்க. பேனாவைக் காட்டுறப்ப எடுத்து மாட்டுங்க."

ஆறு மாதத்தில் குழப்பம் பாதிக்கு மேல் குறைந்தது. காரணத்தைப் பெரிய டாக்டர் கண்டுபிடித்தார். அந்த வருடம் வந்த புது மயக்க மாத்திரைதானாம்; இப்போது அதை ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். அவருடைய படத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் பெரிய போர்டு வைத்தார்கள். 'குழப்பத்தை வென்றோம்.'

போர்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அழுக்குத் தலையணை உறைகளைக் கொட்டியபோது, உள்பைகளிலிருந்து கலகலவென்று உதிர்ந்தன வெள்ளை மாத்திரைகள். கண்ணாடி போட்டுக்கொண்டு மாத்திரை அட்டையைப் படித்தவர்கள் விழுங்காமல் ஒளித்து வைத்தவை. ஸ்பீக்கர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நூற்றுப் பதினேழு. டைரியில் எழுதினாள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே தன் கையெழுத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதினாள்.

சலவைத் துண்டுகளுக்கு நடுவே அதை வைத்து, பெரிய டாக்டர் அறைக்கு வண்டியைத் தள்ளினாள். கதவு மூடியிருந்தது. தட்டவில்லை.

"சார்!" என்றாள். ஆறு வார்டுக்கும் கேட்டது. "இது என்ன?"