வறுமை பார்க்க வந்தார்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டில் மூன்று சுவர்க் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

எனக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம்கூடக் கிடையாது. மாதா கோயில் மணியை நம்பித்தான் குளியல், சாப்பாடு, பத்திரிகைக்கு இந்தப் பத்தியை இன்னும் எழுதவில்லையே என்ற பயம் — எல்லாம். அப்படிப்பட்டவன் வீட்டில் மூன்று கடிகாரம். போதாதென்று கூடத்தில் நாலு பித்தளை அண்டா, அவற்றுக்குள் சொம்புகள், ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று, சைக்கிள் இரண்டு, கொல்லையில் கால் கட்டிய ஐந்து கோழிகள். ஜன்னலோரமாக, ஜமக்காளம் போர்த்திக்கொண்டு ஒரு தையல் மெஷின்.

ஏலக் கடை திறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு வறுமை பார்க்க வருகிறார்கள், அவ்வளவுதான்.

பெண் பார்க்க வருவது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நாற்காலி, எதிர்வீட்டு வெள்ளித் தட்டு, யாருடைய கம்மலோ... எல்லாம் நம் வீட்டுக்குள் வரும். வறுமை பார்க்க வந்தால் அது அப்படியே தலைகீழ். நம் வீட்டில் பளபளப்பது எல்லாம் வெளியே போகும். பெண் பார்க்கும் நாளில் பொய் சொல்லாத வீடு உண்டா? அதே மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டியதுதானே?

விவரம் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஓர் ஏழை நிதி இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அதை நடத்தியவர்களைக் ‘கொமித்தே’ என்றோம். கொடி மாறியதும் ‘கமிட்டி’ என்கிறோம். நாற்காலி அதேதான், உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களேதான். புருஷனை இழந்தவர்கள், கை கால் விழுந்தவர்கள், தள்ளாதவர்கள் — இவர்களுக்கு மாதம் பத்து ரூபாய்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் படிப்பகத்தில் கமிட்டி கூடிச் சீர்திருத்தம் பேசியது. நானும் பின் பெஞ்சில் இருந்தேன். (ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குப் பின் பெஞ்சுதான் தைரியம்.) அரிசி மண்டி ராஜமாணிக்கம், லிஸ்டில் பாதிப் பேர் ஏழையே இல்லை, சோம்பேறிகளுக்குச் சோறு போடுகிறோம், பேரை அடிக்க வேண்டும் என்றார். பழைய கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற சவரிநாதன் — பிரெஞ்சு மரியாதைப்படி எங்களுக்கு ‘முசியே’ — எழுந்தார். அப்படி இல்லை, பேரைக் குறைத்தால் மிச்சமுள்ளவர்களுக்குப் பத்தைப் பதினைந்தாக்கலாம் என்றார். மூன்று மணி நேரம் இரண்டு பேரும் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள். கடைசியில் யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் சொன்னது ஒன்றே ஒன்று — பேரை அடி.

யார் பேரை அடிப்பது? வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. பானையைத் திறந்து பார்ப்பது, பரண்மேல் பார்ப்பது, கட்டிலுக்கு அடியில் பார்ப்பது. விலை போகிற சாமான் ஏதாவது கண்ணில் பட்டால் பேருக்கு மேல் ஒரு கோடு. பார்க்கிற வேலையை அவர்கள் இரண்டு பேருமே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சாமான்கள் வர ஆரம்பித்தன. என் வீடு லிஸ்டில் இல்லாத வீடு. தெருவுக்கு நடுவில் இருக்கிற வீடு. எல்லாவற்றுக்கும் மேலாக, “வேணாம்” என்ற சொல்லையே அறியாத சரோஜா குடியிருக்கிற வீடு. சரோஜா என் மனைவி. வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்: “அப்டி ஓரமா வச்சுட்டுப் போங்க.”

எனக்கோ வரிசையாகக் கவலைகள். கண்ணாடி உடைந்தால்? கோழி கத்தினால்? ஒருவர் அண்டா இன்னொருவரிடம் போய்விட்டால்? இந்தக் கடைசிக் கவலையைச் சரோஜா ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டாள். எல்லாப் பாத்திரத்திலும்தான் பேர் வெட்டியிருக்கிறதே.

ஆமாம், இருந்தது. புள்ளி புள்ளியாக, அழகாக. அந்தப் புள்ளிகள் அன்றைக்கு என்ன செய்யப் போகின்றன என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

தையல் மெஷின் ரஹ்மத் பீவியுடையது. சுவருக்குச் சுவர் ஒட்டிய பக்கத்து வீடு. புருஷன் தையல்காரர், தவறிப்போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த மெஷினில் தலையணை உறையும் ரவிக்கையும் தைத்து முக்கால் வயிறு சாப்பிடுகிறாள். மிச்சக் கால் வயிறும் வாடகையும் கமிட்டியின் பத்து ரூபாய். அது நின்றால் வீட்டு வாடகை நிற்கும். வாடகை நின்றால் வீட்டுக்காரன் நிற்க மாட்டான், நடந்து வருவான். அதனால்தான் விடியற்காலையில் அவளும் சரோஜாவுமாக, மெஷினை இரண்டு பக்கமும் பிடித்து, சத்தம் போடாமல் தூக்கி வந்தார்கள்.

இப்போது எங்கள் தெருவின் மகா புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள்.

உதவி வாங்குகிறவருக்குச் சொத்து இல்லை என்று, அவரைத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வழக்கம். எங்கள் தெருவில் லிஸ்டில் இல்லாதவன், கையெழுத்துப் போடத் தெரிந்தவன், வருஷா வருஷம் போடுகிறவன் யார்? நான். சாமான் ஒளிக்க என் வீடு. கையெழுத்து வாங்க அவர்கள் வந்து உட்காரப் போவதும் என் வீடு. தெருவில் இத்தனை மூளை இருந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒன்றும் இல்லாததற்கெல்லாம் கவலைப்படுகிற எனக்கே உறைக்கவில்லை என்றால் பாருங்களேன்.

பத்து மணி இருக்கும். எந்தக் கடிகாரப்படி என்று கேட்காதீர்கள். எல்லா வீட்டையும் முடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து இரண்டு பேரும் என் வாசலில் ஏறினார்கள். முசியே கையில் காகிதக் கட்டு. தெரு முழுக்க சுத்த ஏழை, பார்க்கவே கண் கலங்கியது, நீங்கள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றார்.

உள்ளே வந்தார்கள். பார்த்தார்கள். அண்டாக்களை எண்ணினார்கள்.

சரோஜாவுக்குப் பதற்றம் வந்தால் உபசாரம் வந்துவிடும். இருப்பதிலேயே பளபளப்பான சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ராஜமாணிக்கம் அண்ணாந்து குடித்தார். குடித்து முடித்துச் சொம்பை வெளிச்சத்தில் திருப்பினார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“ரஹ்மத் பீவி... இன்னாங்க, நீங்க எப்ப ரஹ்மத் பீவி ஆனீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கடிகாரம் ஒன்பது அடித்தது. அது ஓய்ந்ததும் இன்னொன்று பதினொன்று. மூன்றாவது சற்று யோசித்துவிட்டு நாலு அடித்தது. முசியே சட்டைப் பையிலிருந்து தன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். நியாயமான மனுஷர். எந்தக் கடிகாரத்தின் பக்கமும் சேராமல் உள்ளே வைத்துக்கொண்டார்.

ராஜமாணிக்கம் ஜன்னலோரம் போய் ஜமக்காளத்தைத் தூக்கினார். இது யாருடையது என்று கேட்டார்.

“என்னுது,” என்றேன்.

என் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை. பொய்ச் சாட்சிக்கு எத்தனை மாதம் என்று மனசுக்குள் ஓட ஆரம்பித்தது. ஜெயிலில் காபி தருவார்களா?

“தைப்பீங்களா?”

“தைப்பேன்.”

“அப்ப என் துண்டு ஓரம் பிரிஞ்சிருக்கு. ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க, பாப்போம்.”

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? மிதித்தேன். கால் ஒரு பக்கம் போனது, சக்கரம் எதிர்ப்பக்கம் போனது. துண்டு உள்ளே போகிறது... போகிறது... வெளியே வரவே இல்லை. கடகடவென்று ஆரம்பித்த சத்தம் கறகறவென்று மாறியது. ராஜமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“காலை எடுங்கண்ணே. ஊசி ஒடஞ்சிடும்.”

ரஹ்மத் பீவி. கொல்லை வழியாக எப்போதோ வந்து நின்றிருக்கிறாள். அப்படியே நின்றிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அந்த மெஷின் இரைவதை அவளால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. வந்தாள். என்னை எழுப்பினாள். சக்கரத்தைக் கையால் பின்னுக்குத் திருப்பி, நூலைப் பல்லால் கடித்துத் துண்டை மீட்டாள். மீட்டவள் சும்மா இருந்தாளா? உட்கார்ந்து ஓரம் முழுவதையும் ஒரே ஓட்டாக ஓட்டி, மடித்து, ராஜமாணிக்கம் கையில் கொடுத்தாள்.

“ரெண்டணா,” என்றாள்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, என்ன சொன்னோம் என்று. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜமாணிக்கம், அவள் பேரை அடிக்கச் சொன்னார். முசியே பென்சிலை எடுத்தார். சரோஜா என் கையைக் கிள்ளினாள் — ஏதாவது பேசுங்கள் என்று அர்த்தம். பேசியது ரஹ்மத் பீவிதான். இந்த மெஷினை விற்றுவிட்டு வந்தால் பேர் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும், ரூல் அப்படி என்றார் ராஜமாணிக்கம். விற்ற பணம் தீர்ந்த பிறகு? அதுதான் மாதம் பத்து ரூபாய் வருமே என்றார். அவள் மெஷின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

“அப்ப ஒழைக்கிறதுக்கு ஒண்ணு வச்சிருந்தா அது குத்தம். அப்படித்தானே? பேசாம ஊருல எல்லாருக்கும் குடுத்துடுங்களேன்.”

“எல்லாருக்குமா? எனக்குமா?”

“ஒங்களுக்கும்தான், மண்டிக்காரரே. வந்து வாங்கிக்கிட்டுப் போங்க. எவ வீட்டுப் பானையையும் தொறக்காம இருந்தா போதும்.”

முதலில் சிரித்தது முசியே. உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். காகிதக் கட்டு சரிந்து அண்டாவுக்குள் விழுந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன விஷயம் அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. பென்ஷன் வர வேண்டுமென்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு போய், ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு மேஜைக்கு முன்னால் அவர் நிற்க வேண்டுமாம். போன தடவை அங்கே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

“எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, இருக்கேனா இல்லியான்னு. இன்னிக்கு காலைல இருந்து நானும் அதையேதான ஊருக்குச் செஞ்சிருக்கேன்.”

பென்சிலை எடுத்தவர் அடிக்கவில்லை. பழைய கோர்ட்டுக் குமாஸ்தா அல்லவா? சட்டம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. கடனுக்காக ஜப்தி செய்ய வருகிற உய்சியே இருக்கிறானே, அவனேகூடத் தொழில் செய்கிற கருவியைத் தொடக் கூடாதாம். கடன் கொடுத்தவனே தொட முடியாத சாமானை ஏழை நிதி எப்படித் தொடும் என்று கேட்டார். ‘சொத்து’ என்ற கட்டத்தில் ‘தொழிற்கருவி மட்டும்’ என்று எழுதி, ராஜமாணிக்கம் பக்கம் நீட்டினார்.

மண்டிக்காரர் துண்டின் புதுத் தையலைத் தடவிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன் — இந்தத் தடவை உண்மையான சாட்சியாக. ரெண்டணாவையும் அவர் கொடுத்துவிட்டார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மற்றப் பாத்திரங்களின் பேரை இரண்டு பேருமே திருப்பிப் பார்க்கவில்லை.

ஆனால் ரஹ்மத் பீவி பற்றவைத்தது அணையவில்லை. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மறுபடி கூடியது. நான் பின் பெஞ்சிலிருந்து எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கே புரியவில்லை. எல்லோருக்கும் கொடுப்போம் என்றேன். இருப்பவன், இல்லாதவன், கடற்கரை பங்களாக்காரி, தேங்காய்த்திட்டில் வலை இழுக்கிறவன் — பிறந்துவிட்ட அத்தனை பேருக்கும், ஒரு கேள்வி கேட்காமல். தெருவிளக்கு எரிகிறதே, கீழே போகிறவனிடம் நீ ஏழையா என்று கேட்டுவிட்டா எரிகிறது?

படிப்பகமே சிரித்தது. ஒருவர், பங்களாக்காரி குடையோடு க்யூவில் நிற்பதை நடித்தே காட்டினார். இன்னொருவர் தனக்கு வருகிற பணத்தில் முதல் மாதம் என்ன வாங்குவது என்று பட்டியல் சொன்னார். பாதிப் பட்டியல் பலகாரம். நிதியில் இருப்பதை ஊருக்கெல்லாம் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு வாய் காபிகூடத் தேறாது என்றார் முசியே, வருத்தத்தோடு. ராஜமாணிக்கம் எழுந்து பெரிய கேள்வியைப் போட்டார். சும்மா பணம் வந்தால் எவன் வேலைக்குப் போவான்?

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ...

“ஒங்களுக்கு எட்டு வீட்டு வாடகை சும்மாதான வருது. மண்டிய மூடிட்டீங்களா?”

அன்றைக்குப் படிப்பகத்தில் ஒரு பெஞ்சின் கால் உடைந்தது. சிரித்ததில்தான். ராஜமாணிக்கமும் அதில் உட்கார்ந்திருந்தார்.

தீர்மானம் தோற்றுவிட்டது. ஆதரவாகத் தூக்கிய கைகள் மூன்று, அதில் இரண்டு என்னுடையவை. ஆனால் தொழிற்கருவி சொத்தாகாது என்பது ஏகமனதாக நிறைவேறியது. ரஹ்மத் பீவியின் பேர் லிஸ்டில் அப்படியே இருக்கிறது. மெஷின் அவள் வீட்டில், பட்டப்பகலில், வாசலுக்கு எதிரேயே ஓடுகிறது. எனக்குத்தான் தண்டனை. இவ்வளவு பேசினாயே என்று, அடுத்த தடவை வீடு பார்க்கப் போகிறவர்களில் மூன்றாவது ஆளாக என்னைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இன்னொருத்தி பானையின் மூடியில் நான் எப்படிக் கை வைப்பேன்?

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எல்லோருக்கும் கொடுக்கிற அந்த நல்ல நாள் வரும்வரை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, சத்தமாக, ரொம்ப நேரம் இருமிவிட்டுத்தான் உள்ளே போவேன்.