அகஸ்ரின் அண்ணையும் ஓரக்குறிப்பும்

மன்னாரில் பதினெட்டு வருடம் சுவாமியார் தங்கும் கோயில் அறைவீட்டில் ஞானஸ்நானப் பதிவேடு எழுதிய அகஸ்ரின் அண்ணை, 1996இல் ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் கார்ச் சீற்றுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் குடியிருந்த மல்வேர்னிலிருந்து என் காரில்தான் வேலைக்கு வருவார். வழிநெடுக நான் ஓட்டுவதில் பிழை பிடிப்பார். அவருக்கு லைசென்ஸ் கிடையாது.

எங்கள் வரிசையில் மார்செல் கிறீன்வூட் என்றொருவர். அறுபத்திரண்டு வயது. கியூபெக்கில் பிறந்தவர், வாயில் ஒரு சொல் பிரெஞ்சு வராது. கைக்குழந்தையாக இருந்தபோது தாய் இறந்துவிட, தகப்பன் அவரைத் தூக்கிக்கொண்டு ஒஷாவாவுக்கு வந்து குடும்பப் பெயரையும் ஆங்கிலமாக்கிவிட்டார். மூன்று வயது மகள் லூசியேன் சித்தி வீட்டில் தங்கிவிட்டாள். பிறகு தொடர்பே இல்லை. அந்த அக்காவை ஒருதரமாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் மார்செலின் ஆசை. மத்தியானத்தில் வம்சாவளித் தாள்களை மேசை முழுக்கப் பரப்புவார், என் புட்டுக்கு இடமிருக்காது.

கிறீன்வூட் முன்பு புவாவேராக இருந்ததைக் கண்டுபிடித்திருந்தார். பிறந்த ஊர்க் கோயிலுக்கு எழுதிக் கேட்டால், அந்தப் பெயரில் லூசியேன் இல்லையாம். பழைய கியூபெக் குடும்பங்கள் சிலவற்றுக்கு இரண்டு பெயர். பட்டாளத்தில் வைத்த பட்டப்பெயர் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், இடத்துக்கு ஒன்றாய் எழுதுவார்கள். மற்றப் பெயர் மார்செலுக்குத் தெரியாது. பத்து வருடம் இப்படியே அலைந்தார்.

எங்களில் தகப்பனின் சொந்தப் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். அதனால் அகஸ்ரின் அண்ணைக்குப் பரம்பரைப் பெயர் என்பதிலேயே மரியாதை இல்லை.

“எங்கட அப்பாக்கு ஒரு பேர், எனக்கு ஒரு பேர். அதுக்காக நாங்கள் துலைஞ்சே போனனாங்கள்?” என்று காரில் என்னிடம் கேட்டார். “உந்த மனுசன் பேரை விட்டிட்டுத் தாயைப் பிடிக்க வேணும்.”

தாயின் பெயர் றோஸ் அல்மா திபோடோ. கியூபெக் பதிவேடுகளில் கலியாணம் கட்டிய பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதுவார்கள். அண்ணை அந்த ஊர்ப் பங்குச் சுவாமியாருக்குக் கடிதம் போட்டார், பாதி ஆங்கிலம், பாதி கோயில் லத்தீன். தகப்பன் பெயர் எதுவானாலும் பரவாயில்லை, இந்தத் தாயின் பிள்ளைகளைப் பாருங்கள், பதிவின் ஓரத்தில் இருப்பதையும் எழுதுங்கள் என்று கேட்டார். கத்தோலிக்கர் எங்கே கலியாணம் கட்டினாலும் அந்தச் செய்தி திரும்பிப்போய் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் ஏறும். பதிவேடு எழுதியவருக்கு அது தெரியாதா? றோஸ் அல்மாவுக்காகப் பூசையும் கேட்டிருந்தார். பூசை கேட்ட கடிதத்துக்கு எந்தச் சுவாமியாரும் பதில் போடாமல் இருக்கமாட்டார் என்பது அவருடைய தொழில் இரகசியம்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. இரண்டு பிள்ளைகளும் அந்த மற்றப் பெயரில்தான் பதிவாகியிருந்தார்கள். லூசியேனின் பதிவு ஓரத்தில் 1953இல் நடந்த கலியாணம் இருந்தது. மார்செலின் ஓரம் வெறுமை. அவர் கட்டியது அங்கிலிக்கன் கோயிலில், செய்தி திரும்பிப் போகவில்லை. லூசியேனும் முன்பொருமுறை வந்து அந்த வெறும் ஓரத்தைப் பார்த்திருக்கிறாராம். கலியாணக் குறிப்பு இல்லாததால் தம்பி சிறுவயதிலேயே செத்துப்போனான் என்று முடிவுகட்டி, முப்பது வருடமாக இறந்தோரை நினைக்கும் ஒவ்வொரு நவம்பரும் அவன் ஆத்துமத்துக்குப் பூசை கொடுத்து வருகிறாராம். கீழே அவருடைய தொலைபேசி இலக்கம்.

எங்கள் சுப்பவைசர் செலீன் கியூபெக்காரி. அவர் மார்செலுக்கு ஒரே ஒரு பிரெஞ்சு வசனம் சொல்லிக்கொடுத்தார்: நான் மார்செல், நான் சாகவில்லை. சாப்பாட்டு அறைத் தொலைபேசியில் மார்செல் அதை மூன்றுதரம் சொன்னார். மறுமுனையில் ஒரு கிழவி மூச்சுவிடாமல் பேசத் தொடங்கினார். மார்செல் ஒன்றும் விளங்காமல் தொலைபேசியைச் செலீனிடம் நீட்டினார்.

செலீன் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அக்கா ஏசுகிறா என்றார். இத்தனை வருடம் தன்னை அழவைத்ததற்கு, இந்தச் சனிக்கிழமையே நேரில் வந்து நின்று பதில் சொல்லட்டுமாம்.

மார்செல் ஓம் என்று தலையை ஆட்டினார். அறுபத்திரண்டு வயதில் ஒருவர் ஒருத்திக்குத் தம்பியாகி அழுததை நான் அன்றுதான் கண்டேன்.