பத்து நாள் பழைய கல்யாணம்

என் அப்பா அம்மாவுக்குக் கல்யாண நாள் இரண்டு. ஒன்று, கல்யாணம் நடந்த நாள். இன்னொன்று, ஜப்பான்காரன் லிஸ்டில் கல்யாணத் தேதியாக ஏறிய நாள். இரண்டுக்கும் நடுவில் எட்டு நாள். அந்த எட்டு நாளை உண்டாக்கியவள் என் அத்தை மருதம்மாள். எங்கள் சொந்தக்காரர்கள் இதை அப்பாவின் கதையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா செய்ததெல்லாம் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்ததுதான். அதற்கு ஒரு கதையா?

அத்தை அப்பாவுக்கு ஏழு வயது மூத்தவள். பெற்றவர்கள் இருவரும் காய்ச்சலில் போய்விட, தம்பியை வளர்த்தவள் அவள்தான். நடுவில் அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. "அந்த மனுசனுக்கு வாய் மட்டுந்தான் வேலை செய்யுது" என்று ஒரே வருஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். மலாய் நாட்டில் செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பட்டையைக் கீறிப் பாலெடுத்தாள். சண்டை என்றால் விடமாட்டாள். கோலம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஜப்பான்காரன் வந்தபிறகு சோறே இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அரிசிமாவைத் தரையில் போட்டால் கோழிக்கு முன்னால் மனிதன் பொறுக்கிவிடுவான். லயத்து வரிசை வீடுகளில் எல்லா வாசலும் வெறுமையாகக் கிடந்தது. அத்தைக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன தோட்டத்தில் ரப்பர் பாலைச் சீந்த ஆளில்லை. ஒரு நாள் மரம் வெட்டு, மூன்று நாள் கிழங்குக் கொல்லை என்று பொழுது போய்க்கொண்டிருந்தது. அத்தை ஒரு கொட்டாங்கச்சியில் ஆணியால் ஓட்டை போட்டு, பாலை ஊற்றி, வாசல் சிமெண்டுத் தரையில் கோலம் இழுத்தாள்.

பக்கத்து வீட்டு அழகம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "மாவுக்குப் பதிலா பாலா? நாளைக்கு ரோட்டுத் தாரை எடுத்துப் பொட்டு வச்சுக்க" என்றாளாம்.

"ஒனக்கு வச்சுவிடறேன், வா" என்றாளாம் அத்தை.

சிக்குக் கோலம்தான் இதற்குத் தோது. புள்ளி வைத்துவிட்டு, அவற்றைச் சுற்றி வளைத்து வளைத்து ஒரே கோடு. எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து முடியும். காய்ந்தபின் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் தோசை மாதிரி கோடு முழுவதும் கையோடு வந்துவிடும். கழுவி மறுபடி விரிக்கலாம். இரண்டே வாரத்தில் அழகம்மாவும் கொட்டாங்கச்சியோடு வந்து நின்றாள். பொங்கலுக்குள் லயத்தில் பன்னிரண்டு வாசலிலும் பால்கோலம். போட்டவுடன் வெள்ளை, மறுநாள் இளமஞ்சள், வாரம் தாண்டினால் நல்ல பழுப்பு. தோட்டத்து ஆட்கள் யாரானாலும் பார்த்த மாத்திரத்தில் அது எத்தனை நாள் கோலம் என்று சொல்லிவிடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலையில், எல்லோரும் வேலைக்குப் போக வரிசையில் நிற்கும் நேரத்தில், பரஞ்சோதி கிராணி கட்டளையைப் படித்தார். தோட்டத்துப் பழைய கிராணி ஓடிவிட்டதால், பெடோங் டவுனிலிருந்து சைக்கிளில் வந்து நாலு தோட்டத்துக்குக் கணக்கு எழுதிவிட்டுப் போகிறவர் இவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். வியாழக்கிழமை அதிகாரி வீடு வீடாக வருவார். ஒரு வாரத்துக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை இந்தத் தடவை விட்டுவிடுவார்கள். மற்ற வாலிபர்கள் லாரியில் ஏறவேண்டும். அவ்வளவுதான் கட்டளை. முதல் லாரியில் போனவர்களிடமிருந்து அதுவரை ஒரு கடுதாசிகூட வந்திருக்கவில்லை.

அப்பா சின்னையாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மேல்லயத்து ராக்காயியைப் பேசி முடித்து, அரிசி கிடைக்கட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். அத்தை வீட்டுக்குக்கூட வராமல் நேரே ராக்காயி வீட்டுக்குப் போனாள். "அரிசி வர்றப்போ வரட்டும். நாளைக்குக் காலையில தாலி. கேட்டா, கட்டிப் பத்து நாளாச்சுன்னு சொல்லிக்குவோம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கிழங்கைக் கட்டிய கயிறுதான் தாலி. கிழங்குப் பாயசம்தான் விருந்து. விடிவதற்கு முன்பே அத்தை வாசலை அடைத்து ஐந்து புள்ளி ஐந்து வரிசையில் ஒரு பெரிய சிக்குக் கோலம் போட்டிருந்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் அதைச் சுற்றி உள்ளே வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் அழகம்மா வாயைத் திறந்தாள்.

"மருதம்மா, பெடோங் பக்கத்துத் தோட்டத்துல மாவிலை பச்சையா இருந்ததப் பாத்தே ரெண்டு மாப்பிள்ளைய லாரியில ஏத்திட்டானுங்களாம்."

அத்தை தோரணத்தைப் பார்த்தாள். பச்சை. ராக்காயியின் தாலிக் கயிற்றைப் பார்த்தாள். பளிச்சென்று மஞ்சள். வாசலைப் பார்த்தாள். கோலம் பால் வெள்ளையாகச் சிரித்தது. பத்து நாளைக்கு முன் நடந்ததாகச் சொல்லப்போகிற கல்யாணத்தில் ஒன்றாவது பழசாக இருக்கவேண்டாமா?

கோலத்தை உரித்துத் தூரப் போட்டுவிடலாம் என்றார் அப்பா. அத்தைக்கு வந்ததே கோபம். "எல்லா வாசல்லயும் கோலம் கெடக்கு. கல்யாண வீட்டு வாசல் மட்டும் மொட்டையா இருந்தா, கேக்கமாட்டானா?"

அன்று மத்தியானத்திலிருந்து லயமே கூடிக் கல்யாணத்தைப் பழசாக்கியது. அழகம்மா தோரணத்தை அடுப்புக்கு மேலே கட்டி வாட்டினாள். பெண்ணின் கூறைப்புடவையை நாலு பேர் மாற்றி மாற்றி ஆற்றில் அடித்துத் துவைத்தார்கள். ராக்காயி, அதாவது என் அம்மா, தாலிக் கயிற்றில் நல்லெண்ணெயும் சாம்பலும் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பெண் செய்கிற வேலையா அது? "வெக்கப்படக்கூட நேரம் குடுக்கலியே ஒங்க அத்தை" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

கோலம்தான் சிக்கல். வெயிலில் வைத்தால் எட்டு நாள் ஆகும். அத்தை கோட்டை மெல்ல உரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கொட்டகைக்கு நடந்தாள். அங்கே நெருப்புப் போடுகிற அய்யாவு அண்ணன் திகைத்துப் போனார்.

"என்னா தங்கச்சி இது?"

"என் தம்பி உசுரு. எரிக்காம பழுப்பாக்கிக் குடுங்க."

அவர் அதை வாங்கிக் கம்பில் மாட்டினார். இரண்டு நாளும் அதைத் திருப்பித் திருப்பித் தொங்கவிட்டார். வியாழக்கிழமை காலையில் அத்தை கொண்டுவந்து பழைய இடத்திலேயே விரித்தபோது, அது அசல் பத்து நாள் கோலமாக இருந்தது. அழகம்மா குனிந்து பார்த்து, "நானே ஏமாந்துடுவேன்லா" என்றாள். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து மணிக்கு ஜப்பான் அதிகாரி வந்தார். பின்னால் லிஸ்டோடு பரஞ்சோதி கிராணி. வாடிய தோரணம், வெளுத்த புடவை, அழுக்குக் கயிறு எல்லாவற்றையும் அதிகாரி பார்த்தார். பிறகு பூட்ஸ் முனையால் கோலத்தைக் காட்டி ஏதோ கேட்டார். கிராணி குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. அவர் பார்வை போன இடத்தை அத்தையும் அப்போதுதான் பார்த்தாள்.

கோட்டை உரித்தபோது புள்ளிகள் அதோடு சேர்ந்து வரவில்லை. இருபத்தைந்தும் தரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. பழுப்புக் கோட்டுக்கு நடுவே, முந்தாநாள் வைத்த புள்ளிகள் இளமஞ்சளாகப் பல்லைக் காட்டின. இரண்டு நாளாக அந்த வாசலில் நடந்தவர்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிராணி நிமிர்ந்தார். மலாய் மொழியில் ஏதோ சொன்னார். அதிகாரி பத்து விரலையும் விரித்துக் காட்டிக் கேட்டார். கிராணி தலையாட்டினார், லிஸ்டில் எழுதினார். இருவரும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்று எங்கள் தோட்டத்திலிருந்து ஒன்பது பேர் லாரியில் ஏறினார்கள். அந்த அழுகைச் சத்தத்தில் தம்பி தப்பியதற்குச் சந்தோஷப்படவும் அத்தைக்குக் கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் கிராணி தனியாகச் சைக்கிளில் திரும்பி வந்தார். இனி இந்த ஆள் என்ன கேட்கப்போகிறாரோ என்று எல்லோரும் வாசலில் நின்றார்கள். அவர் கோலத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டினார்.

"ஏம்மா, எந்த ஊர்ல கோட்டைப் போட்டுட்டு எட்டு நாள் கழிச்சுப் புள்ளி வைப்பாங்க?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பாடாங் மேஹாவுல எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்றார் கிராணி. "பொண்ணு பேசி வச்சிருக்கோம். திங்கக்கெழம அங்க ஆள் புடிக்க வர்றாங்க. நாளைக்கே தாலி கட்டினாலும் புதுசாத்தான் தெரியும்." கோலத்தைக் காட்டினார். "இதைக் குடுக்கறியா? புள்ளியையும் சேத்துப் புகை போட்டுக் குடு."

அத்தை தரையில் மண்டியிட்டுக் கோட்டை உரித்தாள். பிறகு கத்தி முனையால் இருபத்தைந்து புள்ளிகளையும் ஒவ்வொன்றாகக் கிளப்பினாள். அய்யாவு அண்ணன் புள்ளிகளை ஒரு தகரத்தில் பரப்பிப் புகைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் வாழையிலையில் சுருட்டி, மறுபடி வந்த கிராணியின் சைக்கிளில் அத்தை கட்டிவிட்டாள்.

"புள்ளிய மொதல்ல வைங்க ஐயா. அப்புறமா கோட்ட விரிங்க. மாத்திடாதீங்க."

"தெரியும்மா" என்றார் அவர். அவர் சிரித்ததை அன்றுதான் லயம் பார்த்தது.

சைக்கிள் மறைந்தபின் அப்பா வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா, கல்யாண வீட்டு வாசல் இப்ப மொட்டையாப் போச்சே" என்றார்.

"நீதான் வாசல்ல நிக்கிறியேடா" என்றாள் அத்தை. "அதுக்கு மேல எனக்கு என்னா கோலம்?"

அதைச் சொன்ன பிறகுதான் அவள் உட்கார்ந்து அழுதாள்.