சோடாக்காரர் தோமினிக்கின் தாகம்

செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் தாகம் எடுத்த யாரும் தோமினிக்கின் சோடாக் கடையைத் தாண்டிப் போனதில்லை. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், வெண்ணந்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள், துணி எடுக்க வந்து சண்டை போட்டுக் களைத்த பெண்கள் என்று எல்லோருக்கும் கோலியைக் கட்டைவிரலால் அழுத்தி, டொப்பென்று திறந்து நீட்டுவார். ஆனால் 1958-ஆம் வருஷக் கோடையில் அந்தச் சந்திலேயே நாவறண்டு நின்ற ஒரே ஆள் தோமினிக்தான். அந்த விஷயம் அவருக்கும் மாதாவுக்கும் மட்டும் தெரியும்.

மனைவி சகாயம்மாளுக்கு இரண்டு முறை கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கி மூன்று மாதம் ஆனபோது, பாஸ்குத் திருநாளான ஈஸ்டருக்கு மறுநாள், தோமினிக் ஒரு வேண்டுதல் வைத்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை ஒரு நாள் விடாமல் பூசை கண்டு நன்மை வாங்குவது, அதாவது திருவப்பம் உட்கொள்வது என்று. காலைப் பூசை நேரத்தில் அவர் சோடா நிரப்பிக்கொண்டிருப்பார். நல்லவேளையாக அந்த வருஷம் கோயிலில் தினமும் மாலை ஆறு மணிப் பூசை ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரே ஒரு இடைஞ்சல். நன்மை வாங்குகிறவர் நடுச்சாமம் பன்னிரண்டு மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் கோயில் ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தார். அவர் படித்ததில் மறக்காமல் இருந்தது அதுவும் ஏழாம் வாய்ப்பாடும்தான். காலைப் பூசைக்காரர்களுக்கு அது ஆறேழு மணி நேரப் பட்டினி. மாலைப் பூசைக்காரருக்கோ பதினெட்டு மணி நேரம். தோமினிக் விரல் விட்டு எண்ணினார். மாதாவிடம் பேரம் பேசுவது மரியாதை இல்லை என்று விரலை மடக்கிக்கொண்டார்.

வேண்டுதலை வெளியே சொன்னால் அதன் பலம் போய்விடும் என்று அவராகவே இன்னொரு சட்டமும் போட்டுக்கொண்டார். ஆகவே சகாயம்மாள் கட்டிக் கொடுத்த மதியச் சோறு தினமும் கடைக்குப் பின்னால் படுத்திருந்த நாய்க்குப் போயிற்று. அந்தக் கோடையில் செவ்வாய்ப்பேட்டையில் சதை போட்ட ஒரே பிராணி அதுதான்.

மே மாதம் பிறந்தபோது தோமினிக்கின் இடது விலாவுக்குக் கீழே, பின்பக்கமாக, யாரோ உள்ளேயிருந்து கோலியை அழுத்துகிற மாதிரி ஒரு வலி வந்தது. மூத்திரம் நல்லெண்ணெய் நிறத்தில் சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டு இறங்கியது. சோடா மெஷினின் கைப்பிடியை ஒரு மூச்சில் நூறு சுற்று சுற்றுகிறவர், நாற்பதாவது சுற்றிலேயே ஸ்டூலைத் தேடினார்.

பக்கத்து மிளகாய் மண்டி ஹபீப்தான் அவரைக் கந்தப்பன் டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனார். டாக்டர் ஒரு கிண்ணத்தில் மூத்திரம் பிடித்து வரச் சொன்னார். அதில் ஒரு நீலத்தாளைத் தோய்த்தார். தாள் குப்பென்று சிவந்தது.

"பாத்தியா? புளிப்பு. அமிலம் ஏகத்துக்கும் இருக்குது. என்ன சாப்படறே?"

"சோறுதானுங்க."

"ஊறுகா, புளிக்கொழம்பு?"

"எப்பவாச்சும்ங்க."

"என்ன தொழிலு?"

"சோடாக் கடைங்க."

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த கான்ஸ்டபிள் மாதிரி டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரு சோடா வரவழைத்து அதிலும் தாளைத் தோய்த்தார். அதுவும் சிவந்தது. "அப்பறம் என்னய்யா? இன்னையிலிருந்து சோடாவைத் தொடாதே. நிறையத் தண்ணி குடி."

பூசை முடிந்து வந்ததும் ஒரு சோடாவைத் திறந்து மடமடவென்று குடிப்பதுதான் தோமினிக்கின் நாளில் நடந்த ஒரே நல்ல காரியம். அதுவும் நின்றது. தண்ணீர் குடி என்று சொன்ன டாக்டர், குடிக்கிறானா என்று கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. மீன்காரியிடம் போய் நீ மீனைப் பார்த்திருக்கிறாயா என்று யாராவது கேட்பார்களா?

வேளைக்கு ஓர் அவுன்ஸ் என்று மூன்று வேளைக்குக் கொடுத்த மருந்தைத் தோமினிக் பூசை முடிந்து வந்து மூன்று அவுன்ஸாக ஒரே வேளையில் முடித்தார். விடியற்காலையில் சகாயம்மாள் வாழைத்தண்டுச் சாறு பிழிந்து நீட்டினால், கடையில் குடித்துக்கொள்வதாகச் சொல்லித் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு போனார். நாய் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

டாக்டர் விடவில்லை. மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சிப் பார்த்தார். சர்க்கரை இல்லை. படம் பிடித்து வரச் சொன்னார். படத்தில் தோமினிக்கின் விலா எலும்பெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, கல் எதுவும் தெரியவில்லை.

"சில கல்லு படத்துல உழாது," என்றார் டாக்டர். "ஆனா சோடாவையும் நிறுத்தியாச்சு, மருந்தும் குடுத்தாச்சு, ஏன் இன்னும் செவக்குதுன்னுதான் புரியல. பத்து நாள் பாப்பம். கேக்கலைன்னா மெட்ராஸுக்குப் போயிடு. ஒரு மாசம் படுக்க வெச்சுப் பாப்பாங்க. கிழிக்க வேண்டியும் வரலாம்."

கிழிப்பதைப் பற்றித் தோமினிக் கவலைப்படவில்லை. ஒரு மாதம் படுக்கையில் கிடந்தால் முப்பது பூசை போய்விடும். வேண்டுதல் அறுந்துவிடும். அறுந்தால் சகாயம்மாள் வயிற்றில் இருப்பதற்கு யார் ஜவாப்பு? அதை நினைத்தபோது விலா வலி இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

"என்னங்க சொன்னாரு டாக்டரு?" என்றாள் சகாயம்மாள்.

"சூடுன்னாரு."

"சூட்டுக்கு மெட்ராஸுக்கா போவச் சொல்லுவாங்க? பாய் வந்து சொல்லிட்டுப் போனாரு."

தோமினிக் சுவரைப் பார்த்துக்கொண்டு சட்டையைக் கழற்றினார்.

ஆறாம் நாள் மத்தியானம் மெஷினைச் சுற்றும்போது வலி அவரை இரண்டாக மடக்கிப் போட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த ஹபீப், பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வாயருகே கொண்டுபோனார். தோமினிக் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

ஹபீப் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த உதட்டையே பார்த்தார்.

"தோமினிக்கு, இந்த ஒதடு எனக்குத் தெரியும். ரம்ஜான் மாசம் பூராவும் கண்ணாடியில பாத்த ஒதடுதான். சாயந்தரமானா எனக்கும் உன்ற மாதிரியேதான் மஞ்சளா எரிஞ்சுக்கிட்டுப் போச்சு. உண்மையைச் சொல்லு. நீ நோன்பா?"

தோமினிக் மெல்லத் தலையை ஆட்டினார்.

"எனக்கே தெரியாம ஒரு நோன்பா? எத்தனை நாளா?"

"நாப்பது நாளு இருக்குமுங்க, பாய்." வலியில் சட்டம் தளர்ந்துவிட்டது. வேண்டுதலையும் பன்னிரண்டு மணிக் கணக்கையும் சொல்லி முடித்தார்.

"அட கிறுக்கா! நாங்க விடியறதுக்கு முன்னாடி வயிறு முட்டத் தண்ணி குடிச்சுக்குவோம். ஒடம்பு முடியலைன்னா உட்டுட்டு இன்னொரு நாளு புடிப்போம். உங்கள்ல முடியாதவனுக்கு வழியே இல்லியா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்டப் போவலாம், எந்திரி."

கோயில் சுவாமியார் ஞானதாஸ் முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"தோமினிக், தண்ணி குடிச்சா உபவாசம் முறியாதுன்னு ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்து அஞ்சு வருஷமாச்சு. சாப்பாட்டுக்கே இப்ப மூணு மணி நேரந்தான். மூணு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல வாசிச்சேனே?"

தோமினிக் தலையைக் குனிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவாமியார் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமினதுமே பின்வரிசை ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் பூனை மாதிரி நழுவி, வெளியே புளியமரத்தடியில் பீடி பற்ற வைத்துக்கொள்வார்கள். பிரசங்கம் முடிந்ததும் பக்தியோடு திரும்பி வந்து முழங்காலிடுவார்கள். தோமினிக் அந்தச் சபையின் மூத்த அங்கத்தினர்.

"மரத்தடியில இருந்தியா?"

"இருந்தேனுங்க, சாமி."

"உத்தரவை அங்க வந்து வாசிச்சிருக்கோணும். என்ற தப்புத்தான்."

வாசலில் நின்ற ஹபீப் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். தோமினிக் சிரிக்கவில்லை.

"அப்ப இத்தனை நாளு காஞ்சது கணக்குல வராதுங்களா, சாமி? அந்தப் பிள்ளைக்காவத்தான் இருந்தேன்."

சுவாமியாரின் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. எழுந்து போய் அவரே மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொண்டுவந்தார். "தெரியாமக் குடுத்தாலும் குடுத்தது குடுத்ததுதான். மாதா அதைத் திருப்பி அனுப்ப மாட்டா. மொதல்ல இதைக் குடி."

மணி நாலேமுக்கால். பூசைக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம். தோமினிக் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியே கோயில் கோபுரத்தை ஒருமுறை திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுக் குடித்தார். வானம் இடியவில்லை. நாலு டம்ளர் உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்தார். அன்றைக்கும் ஆறு மணிக்கு நன்மை வாங்கினார்.

அவர் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ற சோத்தை நாய்க்கா போட்டீங்க? நாப்பது நாளா?" சகாயம்மாள் கையில் கரண்டி இருந்தது. "கருவாட்டுக் கொழம்பு வெச்ச அன்னைக்குமா?"

"அன்னைக்கு மட்டும் மனசு கேக்கலை. இருந்தாலும் போட்டுட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குப் பிள்ளையும் வேணும், அதுக்கு ஒரு அப்பனும் வேணுமுங்க. மாதாகிட்டக் கேக்கறது கேட்டீங்க, ரெண்டையும் சேத்துக் கேட்டிருக்கப்படாதா?"

அவள் செம்பு நிறையத் தண்ணீரை முன்னால் வைத்துவிட்டு, காலியாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் நாள் நீலத்தாள் பெயருக்குத்தான் சிவந்தது. கந்தப்பன் டாக்டர் காரணத்தைக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த நோயாளி வந்தாலும் அவர் கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். மெட்ராஸ் பேச்சு அத்தோடு நின்றது. ஜூன் மாதம் ஒரு விடியற்காலையில் கடுகளவு கல் ஒன்று வெளியேறியது. தோமினிக் போட்ட கூச்சலில் கடுகை யாரும் நம்பவில்லை, தேங்காயளவாவது இருக்கும் என்றார்கள். அக்டோபரில் சகாயம்மாளுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி கண்ணாத்தாள், "இந்த ஊட்ல ஆம்பளை கத்துனதுல பாதிகூட இவ கத்தலையே," என்று குழந்தையைக் கையில் கொடுத்தாள். பெண் குழந்தை. நல்ல கனம். இன்பமேரி என்று பெயர் வைத்தார்கள்.

மறுநாள் மாலை தோமினிக் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்புவதை ஹபீப் பார்த்தார்.

"அதான் வேண்டுதல் முடிஞ்சுதே, இன்னும் எங்க கெளம்பீட்டே?"

"இனி ஒண்ணும் கேக்கறதுக்கில்லீங்க, பாய். சும்மா பாத்துட்டு வாரேன்."