குதிரை டாக்டர் பார்த்த வீடு

"குதிரை வருது, வீட்டைக் காலி பண்ணும்மா" என்று ஒரு குடும்பத்திடம் சொல்லவேண்டிய பாக்கியம் எத்தனை புரோக்கருக்குக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது.

தங்கச் சுரங்கம் மூடி அங்கே டைம் ஆபீஸ் வேலை போன பிறகு ஆண்டர்சன்பேட்டையில் வீட்டு புரோக்கர் ஆனவன் நான். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து ஓரத்தில் விக்டோரியா ராணி காலத்துப் பங்களா ஒன்று விலைக்கு வந்தது. பதினாலு அறை, பின்னால் ஆறு குதிரை நிற்கும் லாயம். பெங்களூர் சாஃப்ட்வேர் முதலாளி ஒருவர் போட்டோவிலேயே மயங்கிவிட்டார். அவர் மகள் குதிரை ஓட்டுகிறாளாம். அபார்ட்மெண்டில் குதிரை வைக்க விடமாட்டேன் என்கிறார்களாம். மனுஷனுக்கு என்னென்ன கஷ்டம் பாருங்கள்!

லாயத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது. பங்களாவைக் கூட்டிப் பெருக்கும் ரோஸி, தினமும் ரயிலேறி பெங்களூர் போய் வேலை செய்யும் அவள் கணவன், இரண்டு பெண் பிள்ளைகள். பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் குடித்தனம்.

"இன்னாண்ணா, திடீர்னு சொன்னா எங்க போறது? பெரியவளுக்குப் பத்தாவது பரீட்சை கீது."

"நான் இன்னாம்மா பண்றது? முதலாளி முடிவு பண்ணிட்டாரு."

சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

ஆடி மாதம் முதலாளி வந்தார், கூடவே ஒரு குதிரை டாக்டர். முதலாளி தூணைத் தூணைத் தடவி "வாவ், ஹெரிடேஜ்!" என்றார். லாயத்தில் டாக்டருக்கு ரோஸி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நானும் துண்டால் ஒருமுறை துடைத்தேன்.

"இப்பத்தானே அந்தம்மா துடைச்சாங்க?"

"ஆடிக் காத்து சார், சைனைடு டம்ப் மண்ணு பறந்து வரும். இங்க எல்லாரும் துடைச்சிட்டுத்தான் உக்காருவோம்" என்றேன், ஏதோ ஊர்ப் பெருமை பேசுவதுபோல. என் வாயில் மண்ணைத்தான் போடவேண்டும்.

டாக்டர் உட்காரவில்லை. தங்கம் எடுத்தபின் கொட்டிய அந்த டம்ப் மண் குன்று குன்றாக நிற்பதை ஜன்னல் வழியே பார்த்தார். தீவனத் தொட்டியில் பிள்ளைகளின் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் விரலை ஓட்டி முகர்ந்து பார்த்தார்.

"நோ சான்ஸ் சார். குதிரைக்கு நுரையீரல் ரொம்ப டெலிகேட். இந்தத் தூசியில ஆறு மாசம் தாங்காது."

ரோஸிக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்க பன்னெண்டு வருஷமா இருக்கமே சார்?"

டாக்டர் தங்கமான மனுஷர், அன்பாகச் சொன்னார்: "நீங்க மனுஷங்கம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்க."

குதிரைகள் பிழைத்தன என்ற நிம்மதியோடு முதலாளி கார் ஏறினார். கார் கேட்டைத் தாண்டும் முன்பே ரோஸி சாக்குகளை அவிழ்த்துவிட்டாள். "கர்த்தர் காப்பாத்திட்டாருண்ணா!" என்று குதிக்காத குறைதான்.  நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்ற பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். குதிரைக்கு வீடு காட்டப் போனால் டம்ப் பக்கத்து ஜன்னலை முதலில் சாத்துங்கள். பிள்ளைகுட்டியோடு குடிவருகிறவர்களுக்குத் திறந்தே காட்டலாம். அவர்கள் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை.